கியாஸ் கீசர் வாங்க போறீங்களா? முதலில் பைப்பை பாருங்க!

சென்னை,

சென்னையிலும் புறநகரிலும் சில பகுதிகளில் சமையல் கியாஸ் குழாய் மூலமே வீட்டுக்கு வருகிறது. சிலிண்டரை உருட்டி வந்து மாட்டும் வேலை இல்லை. பாதி சமையலில் தீர்ந்து போகுமோ என்ற கவலையும் இல்லை. அடுப்புக்கு இணைப்பு வந்ததும் பலருக்கும் அடுத்து தோன்றுவது, 'இதே கியாசில் குளிக்க வெந்நீர் போட்டால் என்ன?' என்பதுதான்.

போடலாம், தப்பில்லை. ஆனால் கீசரை வாங்கி வந்து வைத்துவிட்டு, 'பைப்பை எங்கே இருந்து இழுக்கலாம்?' என்று யோசிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீசர் விலையில் 200 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், பைப்பை பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆபத்து இருப்பது அங்கேதான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

எண்ணூரில் இருந்து அடுப்பு வரை

குழாயில் வருவது சிலிண்டரில் இருக்கும் கியாஸ் அல்ல. பெரும்பகுதி மீத்தேன் உள்ள இயற்கை எரிவாயு. இதை மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைத்தால் திரவமாகி விடும். அப்படி கப்பலில் வரும் திரவத்தை இறக்கி, மறுபடியும் வாயுவாக மாற்றும் முனையம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது.

தெருவில் மண்ணுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய். கட்டிடத்தில் ஏறுவது மஞ்சள் பூச்சு பூசிய இரும்பு குழாய். வழியில் ரெகுலேட்டர்கள் அழுத்தத்தை படிப்படியாக குறைக்கின்றன. மீட்டரை தாண்டி அடுப்புக்கு வரும்போது மிஞ்சுவது சுமார் 21 மில்லிபார் அழுத்தம்தான். இது எவ்வளவு? வளைந்த கண்ணாடி குழாயில் தண்ணீரை ஊற்றி, ஒரு பக்கம் இந்த கியாசை விட்டால், இரண்டு பக்க தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் வரும். அவ்வளவுதான்.

அழுத்தம் இவ்வளவு குறைவு என்பதால்தான் குழாயின் அளவு முக்கியம் ஆகிறது. குழாய் நீளமாக நீளமாக, வளைவுகள் கூட கூட, இருக்கிற கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே குறைந்து விடும்.

அடுப்பு சின்னது, கீசர் பெரியது

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடாக்க வேண்டும் என்றால் சுமார் 10 கிலோவாட் சக்தி தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட். அதாவது ஒரு கீசர் கிட்டத்தட்ட 5 பர்னர்கள் சேர்ந்து எரிவதற்கு சமம். வீட்டு மீட்டர் பெரும்பாலும் மணிக்கு 2.5 கன மீட்டர் கியாஸ் வரை விடும். கீசர் மட்டுமே மணிக்கு 1 கன மீட்டருக்கு மேல் கேட்கும். மீட்டர் தாங்கி விடும். அடுப்புக்கு என்று அளவு பார்த்து போட்ட அரை அங்குல குழாய் தாங்குமா என்பதுதான் கேள்வி.

கியாஸ் ஓட்டம் 2 மடங்கு ஆனால், குழாயில் அழுத்த இழப்பு ஏறத்தாழ 4 மடங்கு ஆகும். அடுப்பில் பால் காய்கிறது. குளியலறையில் ஒருவர் வெந்நீரை திறக்கிறார். குழாய் போதாவிட்டால் அடுப்பின் சுடர் படுத்து விடும். சிம்மில் இருந்தால் அணைந்தே போகலாம். வெந்நீரை மூடியதும் அழுத்தம் திரும்பும். தீ இல்லாத பர்னரில் கியாஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். தீ அணைந்தால் கியாசை தானாக அடைக்கும் வசதி எல்லா அடுப்பிலும் கிடையாது.

'ஒரு டீ போட்டா முடிஞ்சுது சார்'

'எதுக்கு சார் கம்பெனிக்கு எழுதி போட்டுக்கிட்டு? ஒரு டீ போட்டா முடிஞ்சுது' என்று சொல்லும் பிளம்பர் எல்லா தெருவிலும் இருப்பார். தண்ணீர் வேலையில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். தண்ணீர் பைப் ஒழுகினால் சொட்டு தெரியும். கியாஸ் ஒழுகினால் கண்ணுக்கு தெரியாது.

கியாஸ் நிறுவனத்திடம் கேட்டால் கீசருக்கு என்று தனி பாயிண்ட் போட்டு தருவார்கள். அதற்கு கட்டணம் உண்டு. அவர்கள் ஆள் வந்து தூரம், வளைவு, எத்தனை பர்னர் என்று பார்த்து குழாய் அளவை முடிவு செய்வார். தேவைப்பட்டால் மீட்டரில் இருந்தே முக்கால் அங்குல குழாயை தனியாக கொண்டு வர வேண்டி இருக்கும்.

'பார்க்க அசிங்கமா இருக்கு' என்று குழாயை டைல்சுக்குள்ளும் அலமாரிக்குள்ளும் மறைக்க சொல்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்க கூடாது. வெளியே தெரிந்தால்தான் துருவும் கசிவும் தெரியும். கரண்டு ஒயரை ஒட்டியும் போக கூடாது. கீசருக்கு முன்னால் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு வால்வு வேண்டும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

குளியலறைக்குள் மாட்டாதீங்க

பைப் எங்கே போய் முடிகிறதோ, அங்கேதான் கீசர். அதனால் அந்த இடத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அது குளியலறைக்குள் இருக்கவே கூடாது.

மூடிய சின்ன அறையில் கீசர் எரிந்தால் ஆக்சிஜன் குறையும். தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கசியும் கியாஸ் நாற்றம் அடிப்பது, அதில் மெர்காப்டன் என்ற வாசனை பொருளை கலப்பதால்தான். எரிந்த பிறகு உண்டாகும் இந்த விஷ வாயுவுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கும், சுற்றும், மயக்கம் வரும். கதவோ உள்ளே தாழ் போட்டிருக்கும். மும்பை, பெங்களூரு, டெல்லியில் இப்படி குளிக்க போனவர்கள் பிணமாக மீட்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன.

பால்கனி, சர்வீஸ் ஏரியா போன்ற காற்றோட்டமான இடத்தில் கீசரை மாட்டி, வெந்நீரை மட்டும் குளியலறைக்கு கொண்டு போவதே சரி. புகைபோக்கி உள்ள கீசர் என்றால், அதன் வாய் வெட்டவெளியில் இருக்க வேண்டும். இன்னொன்று. சிலிண்டர் கியாஸ் காற்றை விட கனமானது, தரையோடு தங்கும். குழாய் கியாஸ் லேசானது, மேலே ஏறும். எனவே சுவரின் மேல் பகுதியில் காற்று போக திறப்பு வேண்டும். கொசு வருகிறது, சாரல் அடிக்கிறது என்று அதை அட்டை வைத்து அடைப்பது நம்ம ஊர் பழக்கம்.

கடையில் வாங்கும்போது குழாய் கியாசுக்கான கீசரா என்று கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டர் கியாசில் அழுத்தமும் அதிகம், வெப்பமும் அதிகம் என்பதால் அதன் ஜெட் ஓட்டை சின்னதாக இருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய கீசரை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது.

வேலை முடிந்ததும் காற்றை அடைத்து சோதிப்பார்கள். அழுத்தமானியின் அளவு இறங்காமல் நின்றால்தான் கியாஸ் திறக்கப்படும். மூட்டுகளில் சோப்பு நுரை தடவியும் பார்ப்பார்கள். முட்டை விட்டால் கசிவு. அப்போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

பிறகு எப்போதாவது நாற்றம் வந்தால் சுவிட்சை தொடாமல் ஜன்னலை திறந்து, மீட்டர் பக்கத்து வால்வை மூடி விட்டு வெளியே வந்துவிட வேண்டும். 1906 என்பது சிலிண்டர் கசிவுக்கான எண். குழாய் கியாசுக்கு அந்தந்த நிறுவனத்தின் அவசர எண் தனி. பில்லில் இருக்கும் அந்த எண்ணை எடுத்து சமையல் அறை கதவில் ஒட்டி வைக்கலாம்.