'நீக்ரோ' என்ற சொல் எப்போது கெட்டுப்போனது?

மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் வாஷிங்டனில் பேசிய புகழ்பெற்ற உரையை ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்திருக்கும். தன் மக்களை அவர் திரும்பத் திரும்ப 'நீக்ரோ' என்றுதான் சொல்கிறார். இன்றைக்கு ஓர் அமெரிக்க அலுவலகத்தில் சக ஊழியரை அப்படிச் சொன்னால் வேலையே போய்விடலாம். அறுபது வருஷத்துக்குள் ஒரு சொல் எப்படி இவ்வளவு தூரம் போனது?

நம்மூரில் இதற்குச் சாதாரணமாகக் கிடைக்கும் பதில், "அமெரிக்காக்காரனுக்கு எதைச் சொன்னாலும் மனசு புண்படும், பத்து வருஷத்துக்கு ஒரு பேரு மாத்துவான்" என்பது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அமெரிக்கப் படிவங்களில் 'இனம்' என்ற கட்டத்துக்குக் கீழே வரும் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, அதில் உள்ள சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, "சும்மா மாத்துறாங்க" என்ற பதில் நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் வந்தது 'ஆப்பிரிக்கன்'

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின மக்கள் தாங்களே தொடங்கிய அமைப்புகளுக்கு 'ஆப்பிரிக்கன்' என்று பெயர் வைத்தார்கள். 1787-ல் பிலடெல்ஃபியாவில் ஆரம்பித்த சங்கத்தின் பெயர் 'ஃப்ரீ ஆப்பிரிக்கன் சொசைட்டி'. 1816-ல் தனித் திருச்சபையாக உருவான 'ஆப்பிரிக்கன் மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல்' சபை இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

அதே 1816-ல் இன்னொரு அமைப்பும் பிறந்தது: 'அமெரிக்கன் காலனைசேஷன் சொசைட்டி'. சுதந்திரமாக வாழும் கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றிக் குடியமர்த்துவது அதன் நோக்கம். லைபீரியா என்ற நாடு உருவானதே இந்த முயற்சியால்தான்.

இப்போது அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிறந்தது, வளர்ந்தது, உழைத்தது எல்லாம் அமெரிக்காவில். ஆனால் உங்களை நீங்களே 'ஆப்பிரிக்கன்' என்று சொல்லிக்கொண்டால், "சரி, அப்ப அங்கேயே போயிடு" என்பவனுக்கு வசதியாகப் போய்விடும். 1830களில் பலர் அந்தச் சொல்லை மெல்லக் கைவிட்டு, 'கலர்டு', அதாவது நிறமுள்ளவர்கள் என்ற சொல்லுக்கு மாறினார்கள். நாடு கடத்தப்படாமல் இருக்கப் போட்ட கவசம் அது. 1909-ல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் பெயரில் கடைசியில் வரும் 'சி.பி.' என்பது 'கலர்டு பீப்பிள்'தான். தனி மனிதரை அப்படிக் கூப்பிட்டால் இன்று அவமதிப்பு. ஆனால் அந்த அமைப்பு தன் பெயரை மாற்றவில்லை.

ஒரு பெரிய எழுத்துக்கான சண்டை

'நீக்ரோ' பழைய சொல். ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளில் கறுப்பு என்று பொருள். அடிமை வியாபாரத்தோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்படிப்பட்ட சொல்லை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினத் தலைவர்களே கையில் எடுத்து, அதற்கு மரியாதை கேட்டார்கள். எப்படி? ஆங்கிலத்தில் மக்களினப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். 'நீக்ரோ'வை மட்டும் பல பத்திரிகைகள் சின்ன எழுத்தில், ஏதோ விலங்கின் பெயர் மாதிரி அச்சடித்தன. டூபாய்ஸ் 1899-ல் வெளியிட்ட பிலடெல்ஃபியா ஆய்விலேயே, எண்பது லட்சம் பேருக்கு ஒரு பெரிய எழுத்துப் பெறும் தகுதி உண்டு என்று சொல்லி அப்படியே எழுதினார். நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றுக்கொள்ள 1930 ஆனது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் இது அற்ப விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த வேலையை நம் மொழியில் 'ன்' விகுதியும் 'ர்' விகுதியும் செய்கின்றன. 'அவன் வந்தான்' என்பதற்கும் 'அவர் வந்தார்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். சாதிப் பெயர்களின் கடைசியில் 'ன்' போய் 'ர்' வருவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதும் தெரியும். அந்தச் சண்டைதான் இது.

1928-ல் ஒரு பள்ளி மாணவன் டூபாய்ஸ் நடத்திய 'தி கிரைசிஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினான். 'நீக்ரோ' என்பது நம்மைத் தாழ்த்த வெள்ளையர்கள் வைத்த பெயர், அதை நீங்களே பயன்படுத்தலாமா என்று கேட்டான். பெயரையும் பொருளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்பது டூபாய்ஸ் பதிலின் சாரம். வெறுக்கிறவன் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெறுக்கத்தான் செய்வான் என்றார்.

ட்ரெட்மில் கணக்கு

1994-ல் மொழியியல் எழுத்தாளர் ஸ்டீவன் பிங்கர் ஏறக்குறைய இதையே கோட்பாடாக்கி, 'யூஃபமிசம் ட்ரெட்மில்' என்று பெயர் வைத்தார். இடக்கரடக்கலின் ஓடுபொறி என்று சொல்லலாம். ஒரு விஷயத்தின் மேல் சமூகத்துக்கு இளக்காரம் இருந்தால், அதைக் குறிக்கும் சொல்லிலும் அந்த இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். புதுச் சொல் கொண்டுவந்தால் கொஞ்ச நாளில் அதிலும் ஒட்டும். எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்போம்.

நல்ல விளக்கம்தான். ஆனால் இந்தக் கதைக்குப் பாதிதான் பொருந்துகிறது. ட்ரெட்மில் கணக்குப்படி, தேய்ந்துபோன சொல் திரும்பி வரக் கூடாது. இங்கே இரண்டு சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன.

ஒன்று 'பிளாக்'. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒருவரை நேருக்கு நேர் 'பிளாக்' என்றால் அது வசவு, 'நீக்ரோ' மரியாதை. 1966 ஜூனில் மிசிசிப்பி மாநிலம் கிரீன்வுட்டில் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கினார். அதற்குப் பின் வந்த தலைமுறை வசவையே எடுத்துப் பட்டமாகச் சூடிக்கொண்டது. 1960களின் கடைசியில்கூட 'நீக்ரோ'தான் பெரும்பாலோரின் விருப்பம். 1970களின் நடுவில் 'பிளாக்' முந்திவிட்டது. 'நீக்ரோ'வை வெள்ளையர் அசிங்கப்படுத்தியதால் மட்டும் அது விழவில்லை. அடக்கமாக நடந்துகொள்பவர் என்ற பழைய தலைமுறையின் வாடை அதில் அடித்ததால் இளைஞர்களே அதை இறக்கி வைத்தார்கள்.

இரண்டாவது, 'ஆப்பிரிக்கன்'. 1988 டிசம்பரில் ஜெஸ்ஸி ஜாக்சனும் வேறு சில தலைவர்களும் 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' என்ற பெயரை முன்வைத்தார்கள். இத்தாலிய அமெரிக்கர், ஐரிஷ் அமெரிக்கர் என்றெல்லாம் இருக்கும்போது எங்களுக்கும் ஒரு பூர்விக நிலமும் வரலாறும் உண்டு என்பது வாதம். 1830களில் ஆபத்தாக இருந்த சொல், கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயம் போன பிறகு பெருமையாகத் திரும்பி வந்தது. இதற்குப் பின்னும் 'பிளாக்' மறையவில்லை. 2020-ல் அசோசியேட்டட் பிரஸ் அதைப் பெரிய எழுத்தில் எழுத முடிவுசெய்தது. 1930-ன் சண்டை இன்னொரு சொல்லுக்கு மறுபடி நடந்தது.

இனிமையான சொல் வேண்டாமா?

அப்படியானால் எது ஒரு சொல்லை ஏற்கத் தக்கதாக்குகிறது? இனிமையான பொருளா? அதுவும் இல்லை. இதற்கான சாட்சி இந்தியாவிலேயே இருக்கிறது. 1972-ல் பம்பாயில் உருவான 'தலித் பாந்தர்' இயக்கம், அமெரிக்காவின் 'பிளாக் பாந்தர்' கட்சியைப் பார்த்துத்தான் தன் பெயரை வைத்தது. 'ஹரிஜன்' என்றால் கடவுளின் மக்கள். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! 'தலித்' என்றால் நசுக்கப்பட்டவர். இதமான சொல் மறுக்கப்பட்டது, முரட்டுச் சொல் ஏற்கப்பட்டது. முதலாவது காந்தி வெளியிலிருந்து பரப்பியது. இரண்டாவது தாங்களே எடுத்துக்கொண்டது. 'பிளாக்' விஷயத்தில் நடந்ததும் இதுவே.

ஆக, சொல்லின் அகராதிப் பொருளைவிட அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எடை. தென்னாப்பிரிக்காவில் 'கலர்டு' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெரிய சமூகம் இருக்கிறது. அமெரிக்காவில் தகாத சொல், அங்கே ஓர் அடையாளம்.

டூபாய்ஸ் சொன்னது சரியா?

பெயரை மாற்றினால் வெறுப்பு போகாது என்பது சரி. ஆனால் பெயரை மாற்றினால் ஒன்றுமே மாறாது என்று சொல்ல முடியாது. இதற்கு நம்மவர்களே உதாரணம். 1920, 1930, 1940 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இந்தியர்களுக்கான இனப் பெயர் 'ஹிந்து'. நாகப்பட்டினத்து முஸ்லிமோ தூத்துக்குடிக் கிறிஸ்தவரோ அங்கே இருந்திருந்தால் அவரும் 'ஹிந்து'தான். 1970-ல் இந்திய வம்சாவளியினரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். சிறுபான்மையினருக்கான சட்டப் பாதுகாப்பில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று இந்தியர் அமைப்புகள் கேட்ட பிறகுதான், 1980 படிவத்தில் 'ஏசியன் இந்தியன்' என்ற கட்டம் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம் என்பது வெறும் லேபிள் கிடையாது. கட்டம் இல்லாதவரை எண்ண முடியாது. எண்ணாதவருக்குச் சட்டத்தில் இடம் கிடைக்காது.

அரசு மட்டும் எப்போதும் இரண்டு தலைமுறை பின்தங்கியே வரும். 2010 அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில்கூட 'நீக்ரோ' இருந்தது. வயதான சிலர் தங்களை அப்படித்தான் அடையாளப்படுத்துகிறார்கள் என்பது சொன்ன காரணம். அது அபத்தம் இல்லை. கிங் காலத்தில் அந்தப் பெயரோடு போராடிய பாட்டிக்கு, அது கௌரவமான பெயர். 2013-ல் நீக்குவதாக அறிவித்தார்கள். 2016-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், 1970களின் கூட்டாட்சிச் சட்டங்களில் தங்கியிருந்த 'நீக்ரோ', 'ஓரியன்டல்' போன்ற சொற்களை எடுத்தது.

தமிழில் என்ன எழுதுவது?

நம் பழைய புத்தகங்களில் 'நீக்ரோ' தாராளமாக வரும். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அப்போது அதுதான் மரியாதைச் சொல். இன்று எழுதுகிறவருக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கிங்கின் உரையை மொழிபெயர்த்தால் 'நீக்ரோ' என்றே வைக்க வேண்டும். அவர் வாயில் 1988-ன் சொல்லைத் திணிப்பது வரலாற்றுக்குத் துரோகம். நம் சொந்த வாக்கியத்தில் எழுதும்போது 'கறுப்பின மக்கள்' அல்லது 'ஆப்பிரிக்க அமெரிக்கர்'. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த மாணவரை 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று எழுதக் கூடாது, அவர் நைஜீரியர். சந்தேகம் வந்தால் அந்த மக்கள் இன்று தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

நாளைக்கு அவர்கள் மறுபடி மாற்றினால்? நாமும் மாற்றிக்கொள்வோம். நமக்கு ஆகும் செலவு ஒரு சொல். அவர்களுக்கோ அது இருநூறு வருஷத்துக் கணக்கு.