நாமே எழுதிக் கொடுக்கும் கேள்விகள்

ஐ.ஏ.எஸ். தேர்வின் கடைசிப் படி நேர்முகத் தேர்வு. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் இதற்கு மட்டும் 275. வினாத்தாள் கிடையாது. ஆனால் பாதிக் கேள்விகளைத் தேர்வரே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்! சொந்த ஊர், படித்த பாடம், பொழுதுபோக்கு எல்லாமே எதிரே இருப்பவர்கள் கையில் இருக்கும். 'புத்தகம் வாசிப்பது' என்று ஒப்புக்கு நிரப்பியவரிடம், "கடைசியாக என்ன படித்தீர்கள்?" என்று கேட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊர் தஞ்சாவூர் என்றால் பெரிய கோயிலோடு விடமாட்டார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்கலாம்.

தெரியாததற்குச் சுற்றி வளைப்பது அடுத்த தவறு. "தெரியவில்லை ஐயா" என்றால் பேச்சு வேறு பக்கம் நகரும். அடித்துவிட்டால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். உடை பற்றித்தான் பலருக்கும் பெருங்கவலை. சுத்தமாக, உடம்புக்குப் பழகியதாக இருந்தால் போதும்.

தனியார் வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிறவர்களும் தாங்கள் அனுப்பிய பயோடேட்டாவை முந்தைய இரவு ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, மொழி பற்றி ஒன்று: ஐ.ஏ.எஸ். நேர்முகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். அந்த விருப்பத்தை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார்.