எல்லை தாண்டினால் மூன்று மடங்கு

2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக பிசினஸ் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து தங்கள் பள்ளிக்கு 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: குறைந்தது 20 ஆண்டுகளுக்குப் பள்ளிக்கு எவர் பெயரையும் சூட்டக் கூடாது. கோயில் ட்யூப்லைட்டில்கூட உபயதாரர் பெயரை எழுதிவைக்கும் நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

ஏனென்றால் சுற்றியுள்ள மாநிலங்களில் எல்லாம் பெயர்ப் பலகைதான். மிச்சிகனில் ஸ்டீபன் ராஸ் 2004இல் 10 கோடி டாலர் கொடுத்தார், பிசினஸ் பள்ளி ‘ராஸ்’ ஆனது. இண்டியானாவில் ‘கெல்லி’, ஒஹாயோ ஸ்டேட்டில் ‘ஃபிஷர்’, மினசோட்டாவில் ‘கார்ல்சன்’. பெயர்களைத் தள்ளிவைத்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரே அச்சில் வார்த்தது போன்ற பள்ளிகள். எல்லாமே மாநில அரசுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் பல்லாயிரம் மாணவர்கள், பிரம்மாண்டமான ஃபுட்பால் ஸ்டேடியம், நான்காண்டு பிசினஸ் பட்டம், ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற அமைப்பின் தரச்சான்று. விளம்பரப் புத்தகங்களை மாற்றி வைத்தால் கண்டுபிடிப்பது கடினம்.

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் பலர் ஏப்ரல் மாதம் முழுக்க இந்தக் குழப்பத்தில்தான் இருப்பார்கள். மூன்று நான்கு வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் மே 1க்குள் ஒன்றைத் தேர்ந்து முன்பணம் கட்டிவிட வேண்டும்.

சொந்த மாநிலத்தில் படிக்காமல் ஏன் அலைய வேண்டும்? கலிஃபோர்னியாவைப் பார்த்தால் விடை கிடைக்கும். உலகப் புகழ் பெற்ற யு.சி.எல்.ஏ.வில் இளங்கலை பிசினஸ் நிர்வாகப் பட்டமே கிடையாது. பிசினஸ் எகனாமிக்ஸ் என்ற பொருளாதாரப் படிப்புதான் உண்டு. பெர்க்லியின் ஹாஸ் பள்ளியில் பட்டம் உண்டு, ஆனால் இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. பணம் படைத்த, ஆனால் பெர்க்லியில் இடம் கிடைக்காத குடும்பங்கள் கிழக்கே பார்க்கத் தொடங்குகின்றன.

எல்லா மாநிலமும் வெளியாட்களை வாரி அணைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலைனா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தாரை 18 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான இடங்கள் அந்த மாநிலப் பள்ளிகளில் முன்னணி மதிப்பெண் பெற்றவர்களுக்குச் சட்டப்படியே போய்விடுகின்றன. அலபாமா இதற்கு நேர்மாறு. அங்கே பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் வெளிமாநிலத்தவர். மதிப்பெண்ணைக் காட்டினால் உதவித்தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுச் சொல்லி ஆள் சேர்க்கிறது அந்தப் பல்கலைக்கழகம்.

இனி விலை. மாநில அரசுப் பல்கலைக்கழகம் உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அதனால் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு கட்டணம். விஸ்கான்சினின் மேடிசன் வளாகத்தில் அண்மைக் கணக்குப்படி உள்மாநில மாணவர் ஆண்டுக்குச் சுமார் 12 ஆயிரம் டாலர் கல்விக் கட்டணம் செலுத்துகிறார். எல்லைக்கு அப்பால் இல்லினாயிலிருந்து வருபவருக்கு அது 40 ஆயிரத்தைத் தாண்டுகிறது. இண்டியானாவிலும் கிட்டத்தட்ட இதே இடைவெளி. மிச்சிகனில் வெளிமாநிலக் கட்டணம் 60 ஆயிரத்தை எட்டிவிட்டது; ஹார்வர்டோடு தோள் உரசும் விலை அது. விடுதி, சாப்பாடு தனி. போதாக்குறைக்கு, பல பல்கலைக்கழகங்களில் பிசினஸ் மாணவர்களிடம் மட்டும் கூடுதல் கட்டணம் பிடிக்கும் வழக்கமும் உண்டு. பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தில் உள்ள தொகையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் முதல் பில்லில் திகைப்பது இதனால்தான்.

ஓராண்டு தங்கிவிட்டால் உள்ளூர்க்காரர் ஆகிவிடலாமே என்று தோன்றும். கனெக்டிகட் மாநிலம் ஒரு காலத்தில், விண்ணப்பிக்கும்போது வெளியூர்க்காரராக இருந்தவர் படிப்பு முடியும்வரை வெளியூர்க்காரரே என்று விதி வைத்திருந்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் மாநிலங்கள் நியாயமான நிபந்தனை விதிக்கலாம் என்று அதே தீர்ப்பு வழிவிட்டது. அந்த வழியில் பெரும்பாலான மாநிலங்கள் புகுந்துகொண்டன. படிப்புக்காக வந்து தங்கிய காலம் பெரும்பாலும் கணக்கில் சேராது. விதிவிலக்குகளில் ஒன்று மிசூரி. அங்கே ஓராண்டு இருந்து, குறைந்தது 2,000 டாலர் சம்பாதித்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் இரண்டாம் ஆண்டிலிருந்து உள்மாநிலக் கட்டணத்துக்கு மாறலாம்.

டெக்ஸஸில் வேறொரு வாசல். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் 1,000 டாலராவது உதவித்தொகை கொடுத்தால், அந்த மாணவருக்கு உள்மாநிலக் கட்டணமே போதும் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆயிரம் டாலர் பரிசு பல்லாயிரம் டாலர் சலுகையாகப் பெருகும் விந்தை இது. ஆஸ்டினில் இது அரிது. டாலஸ் வளாகத்தில், அதாவது இந்தியத் தொழிலதிபர் நவீன் ஜிண்டாலின் பெயர் தாங்கிய பிசினஸ் பள்ளி இருக்கும் இடத்தில், கேட்டுப் பார்ப்பது வீண்போகாது. மினசோட்டாவும் விஸ்கான்சினும் பல பத்தாண்டுகளாக ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஏறத்தாழ உள்ளூர் விலையிலேயே இடம் தருகின்றன. மேற்கு, மத்திய மேற்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையேயும் இத்தகைய பரிமாற்ற ஏற்பாடுகள் உண்டு. ஆனால் பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள் பல அவற்றில் சேர்வதில்லை. சேர்ந்தாலும் பிசினஸ் போன்ற கிராக்கியுள்ள படிப்பை ஒதுக்கிவைப்பதுண்டு.

விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தில் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத வரி அது: இடம் கிடைத்திருப்பது பல்கலைக்கழகத்திலா, பிசினஸ் பள்ளியிலா?

இரண்டும் ஒன்றல்ல. சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும்போதே பிசினஸ் பள்ளியில் நேரடி இடம் கிடைத்துவிடும். மற்ற இடங்களில் ‘ப்ரீ-பிசினஸ்’ என்ற பெயரில் உள்ளே விடுவார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் கால்குலஸ், பொருளாதாரம், அக்கவுன்டிங் பாடங்களில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மெக்கின்டையர் பள்ளி நெடுங்காலம் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பம் வாங்கி மூன்றாம் ஆண்டில்தான் மாணவர்களைச் சேர்த்தது. பெர்க்லியின் ஹாஸும் அப்படித்தான் இருந்தது. 2024இல்தான் முதலாண்டிலிருந்தே எடுக்கும் நான்காண்டுத் திட்டத்துக்கு முழுமையாக மாறியது. இரண்டாவது கதவு திறக்காதவர் பொருளாதாரமோ வேறு ஏதாவதோ படிக்க வேண்டியதுதான். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது ஏமாற்றம். ஆண்டுக்கு 40 ஆயிரம் டாலர் செலுத்தும் வெளியூர்ப் பிள்ளைக்கோ, வந்த காரியமே கெட்டுப்போவது.

ஆகவே தரவரிசையில் பத்து இடம் கீழே இருக்கும் பள்ளி நேரடி இடம் தந்தால், மேலே இருக்கும் பள்ளியின் ப்ரீ-பிசினஸ் இடத்தைவிட அதுவே மேல். இதை மறுப்பவர்கள் தரவரிசை எப்படித் தயாராகிறது என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

யு.எஸ். நியூஸ் வெளியிடும் இளங்கலை பிசினஸ் பட்டியல் முழுக்க முழுக்கக் கருத்துக் கணிப்பு. பிசினஸ் பள்ளிகளின் டீன்களையும் மூத்த பேராசிரியர்களையும் கேட்டு, மற்றப் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். மாணவர் சம்பளமோ, வகுப்பின் அளவோ, பட்டம் முடித்தவர் விகிதமோ அதில் சேர்வதில்லை. பள்ளிகளே தரும் புள்ளிவிவரத்தை நம்பும் பட்டியல்களின் கதை இன்னும் மோசம். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ. அத்தகைய ஒரு பட்டியலில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்தது. கொடுத்த தகவல்கள் பொய் என்று பின்னர் தெரியவந்தது. பிசினஸ் பள்ளியின் முன்னாள் டீன் மோஷே போராட் 2021இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு 14 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

பெரிய பெயருக்குச் சம்பளத்தில் மதிப்பு இல்லையா என்றால், பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒரே தகுதியுள்ள மாணவர்களில், கடும் போட்டி நிலவும் கல்லூரிக்குப் போனவருக்கும், அங்கே இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவருக்கும் பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது. வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கி வேலையை இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வங்கிகள் குறிப்பிட்ட சில வளாகங்களுக்கே ஆள் தேடி வருகின்றன. மிச்சிகன் அவற்றில் ஒன்று. இண்டியானாவின் சிறு நகரமான ப்ளூமிங்டனில் இருக்கும் கெல்லி, தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு முதலீட்டு வங்கிப் பட்டறை நடத்தி, முன்னாள் மாணவர்கள் வழியாக நியூயார்க்குக்குப் பாலம் போட்டிருக்கிறது.

அந்த வேலை வேண்டாதவருக்கு இந்தப் பாலத்தால் என்ன பயன்? பிசினஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்துத் தொழில்கள் இருக்கின்றன. சப்ளை செயின் என்றால் மிச்சிகன் ஸ்டேட்டின் பிராட் பள்ளியும் டென்னஸியின் ஹாஸ்லம் பள்ளியும் முன்னால் நிற்கும். ரியல் எஸ்டேட்டுக்கும் காப்பீட்டுக்கும் விஸ்கான்சின் பழம்பெரும் இடம். சர்வதேச வணிகத்தில் சவுத் கரோலைனாவின் டார்லா மூர் பள்ளி இருபதாண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மிச்சிகனையும் மிச்சிகன் ஸ்டேட்டையும் ஒப்பிட்டு ‘எது பெரிது’ என்று கேட்பவர், சப்ளை செயின் படிக்க விரும்பும் பிள்ளையிடம் கேட்டால் வேறு விடை வரும்.

ஊரும் பாடத்திட்டத்தில் ஒரு பங்குதான். கார்ல்சன் பள்ளி இருக்கும் மினியாபொலிஸில் டார்கெட், யு.எஸ். பேங்க் ஆகியவற்றின் தலைமையகங்கள். பக்கத்திலேயே 3எம், ஜெனரல் மில்ஸ், பெஸ்ட் பை. செமஸ்டர் நடக்கும்போதே வாரத்தில் சில நாள் பஸ்ஸில் போய் இன்டர்ன்ஷிப் செய்யலாம். ப்ளூமிங்டனில் அது நடக்காது. இண்டியானாபொலிஸே சுமார் 50 மைல். அங்குள்ள மாணவர் கோடை விடுமுறையை நம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிற்றூரில் வாடகையும் குறைவு, கவனச் சிதறலும் குறைவு. மினசோட்டாவின் குளிரைப் பற்றி விளம்பரப் புத்தகம் பேசாது.

பணத்தைப் பொறுத்தவரை இப்போது ஒரு புதிய வேலி வந்திருக்கிறது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் மத்திய அரசிடம் நான்கு ஆண்டுகளில் வாங்கக்கூடிய கல்விக் கடன் மொத்தமே 27,000 டாலர். மிச்சத்தைப் பெற்றோர் ‘பேரன்ட் ப்ளஸ்’ கடனாக, செலவு எவ்வளவோ அவ்வளவுக்கும் வாங்கிக்கொள்ள முடிந்தது. 2025இல் இயற்றிய சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். இரண்டையும் சேர்த்தால் 92,000. மேடிசனில் உள்ளூர்க்காரரைவிட வெளியூர்க்காரர் நான்கு ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் தொகையே ஏறத்தாழ 1,20,000. இந்த ஒரு கணக்கே பல குடும்பங்களின் பட்டியலைப் பாதியாக வெட்டிவிடும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோருடன் வளர்ந்த பிள்ளை 21 வயதில் சார்பு விசாவை இழக்கும். கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கும் இந்தியர்களுக்கு இது அன்றாடக் கவலை. கல்லூரி நடுவில் மாணவர் விசாவுக்கு மாறினால், பல இடங்களில் உள்மாநிலக் கட்டணமும் கைவிட்டுப் போகலாம்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நேரே போகிறவருக்கு எல்லா மாநிலமும் வெளிமாநிலம்தான், உள்ளூர்-வெளியூர் என்ற கட்டண வேறுபாடு அவருக்கு இல்லை. அவர் பார்க்க வேண்டியது வேறு. மாணவர் விசாவில் படித்தவர் பட்டம் பெற்றபின் 12 மாதம் அமெரிக்காவில் வேலை செய்யலாம். படிப்பு அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் பதிவாகியிருந்தால் இன்னும் 24 மாதம் சேரும். எச்-1பி குலுக்கலில் ஒருமுறைக்குப் பதில் மூன்று முறை பெயர் போட வாய்ப்பு. பொதுவான பிசினஸ் நிர்வாகப் படிப்பு அந்தப் பிரிவில் வராது. ஆனால் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் பதிவான படிப்பு வரும். அதன் அரசு எண் 52.1301. ஏறக்குறைய ஒரே பாடங்களை நடத்தும் இரு பள்ளிகளில் ஒன்று தன் படிப்பை இந்த எண்ணில் பதிந்திருக்கும், மற்றொன்று பதிந்திருக்காது. முன்பணம் கட்டுவதற்கு முன், சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அந்த எண்ணைக் கேட்டுவிடலாம்.