உறைவால்வு எஞ்சினும் பழங்கார் அன்பர்களும்

பழைய மோட்டார் கார்களைப் போற்றும் அன்பர்கள் பல நாடுகளிலும் இருக்கின்றனர். 1919 முதல் 1930 வரையில் செய்யப்பட்ட கார்களை இங்கிலாந்தில் ‘விண்டேஜ்’ கார்கள் என்று வகுத்திருக்கின்றனர். அவற்றின் அணிவகுப்பைக் காணச் செல்வோரின் கண்ணைக் கவர்வன யாவை? பளபளக்கும் விளக்குகளும், தோல் இருக்கைகளும், வண்ணப் பூச்சும்தாம். முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்போர் சிலரே. ஆனால் காரின் உயிர் எஞ்சினில் அன்றோ இருக்கிறது? அந்த உயிர் ஒரு காலத்தில் போற்றப்பட்டதும், பின்னர்ப் புறக்கணிக்கப்பட்டதும் ஏன் என்பதை ஓர் எஞ்சினின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

அமெரிக்காவில் சார்லஸ் யேல் நைட் என்பவர் பால்பண்ணைத் தொழில் பற்றிய இதழ் ஒன்றை நடத்தி வந்தார். அவர் வாங்கிய காரின் வால்வுகள் எழுப்பிய இரைச்சல் அவருக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. அந்த இரைச்சல் எதனால் வருகிறது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகவும், எரிந்த புகை வெளியேறவும் வழிகள் வேண்டும். சாதாரண எஞ்சினில் இவ்வழிகளைக் காளான் வடிவமுள்ள வால்வுகள் திறந்து மூடுகின்றன. வால்வைச் சுருள்வில் அறைந்து மூடுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் 500 முறை அறைபடும். அக்காலத்து எஃகு இன்றுபோல் உறுதி பெற்றிருக்கவில்லை. ஆகவே ஓசையோடு, வால்வு தீய்வதும் வில் ஒடிவதும் உண்டு.

நைட் இந்தக் காளான் வால்வுகளையே நீக்கிவிட்டார். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே, ஒன்றனுள் ஒன்றாக, இரண்டு மெல்லிய உறைகளைப் பொருத்தினார். அவை மேலும் கீழுமாக வழுக்கிச் செல்லும். உறைகளில் உள்ள துளைகள் சிலிண்டரின் துளைகளுக்கு நேரே வரும்போது வழி திறக்கும். விலகும்போது வழி அடையும். அறைதல் இல்லை; எனவே ஓசையும் இல்லை.

இங்கிலாந்தின் டெய்ம்லர் கம்பெனி இம்முறையை ஏற்றுக்கொண்டது. 1909ஆம் ஆண்டில் ராயல் ஆட்டோமொபைல் கிளப், டெய்ம்லர் எஞ்சின்கள் இரண்டைச் சோதித்தது. சோதனை மேடையில் அவை 132 மணி நேரம் ஓடின. பிறகு கார்களில் பூட்டப்பட்டுப் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் ஏறத்தாழ 2,000 மைல் சென்றன. இவ்வளவுக்கும் பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது தேய்மானம் மிகச் சிறிதே காணப்பட்டது. பெல்ஜியத்தின் மினெர்வாவும், பிரான்சின் பன்ஹார்டும் இவ்வழியைப் பின்பற்றின. அமெரிக்காவில் வில்லிஸ்-நைட் கார்கள் 1933 வரை வெளிவந்தன.

இத்துணைச் சிறப்புடையது ஏன் மறைந்தது? வழுக்கும் உறைகளுக்கு எண்ணெய் மிகுதியாக வேண்டும். அதில் ஒரு பகுதி எரிந்து நீலப் புகையாக வெளிவரும். உறைகளைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கச் செலவும் அதிகம். இதற்கிடையே நல்ல எஃகு வகைகள் தோன்றிக் காளான் வால்வும் திருத்தம் பெற்றது. உறையின் தத்துவம் மட்டும் அழியவில்லை. ஒற்றை உறையுடன் அமைந்த பிரிஸ்டல் ஹெர்குலிஸ் எஞ்சின்கள் இரண்டாம் உலகப் போரில் விமானங்களை இயக்கின.

இன்று பழங்கார் அன்பர்களிடையேயும் இவ்வெஞ்சின் இடர்ப்படுகிறது. மாற்று உறை கடையில் கிடைப்பதில்லை. புதிதாகச் செய்விக்க வேண்டும். புகையைக் கண்டவுடன் எஞ்சின் பழுதென்று எண்ணுவோரும் உண்டு. சிலர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டிவிடுகின்றனர். வேறு சிலர் காரை ஓட்டாமலே காட்சிக்கு நிறுத்திவிடுகின்றனர். இது பாதுகாப்புப் போலத் தோன்றினும் உண்மையில் தீங்கே. நெடுநாள் ஓடாத எஞ்சினில் எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும், ஈரம் புகும், துரு பிடித்து உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் வலிந்து சுழற்றினால் அவற்றை இயக்கும் சிறு தண்டுகள் ஒடியக்கூடும்.

பூச்சு மங்கினால் மறுபடியும் பூசலாம். உறைவால்வு எஞ்சினின் அருமையோ அதன் அமைதி. நின்றுகொண்டிருக்கும் காரில் அந்த அமைதியை எவர் அறிய முடியும்? எல்லா எஞ்சினும் நிற்கும்போது ஓசையற்றதே! அதனை இயக்கவும், பிரித்துப் பூட்டவும் அறிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சுவது இரும்புக் கட்டி மட்டுமே. பொறியியல் பயிலும் மாணவர்கள் காட்சிச்சாலையில் ஒரு பழங்காரைக் கண்டால், “இது எந்த ஆண்டினது?” என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டா. “இது ஓடுமா? ஓட்டிக் காட்டுவீர்களா?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கும் வரையில், அவ்வெஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓட்டுவோரும் இருப்பார்கள்.