மின்சாரத்துக்கு ஈடுகொடுத்த என்7

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்காக ஏழைத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. அதற்கு ஈடாக, நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ் கட்டணத்தில் அவர்கள் போய்வர ரயில் விட வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டுச் சட்டம் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு நிபந்தனை விதித்தது. எட்மன்டன், வால்தம்ஸ்டோ போன்ற புறநகர்கள் மளமளவென வளர்ந்தன. கூட்டம் பெருகிய அளவுக்கு வருமானம் பெருகவில்லை.

புதிய நூற்றாண்டில் மின்சார ரயில் போட்டிக்கு வந்தது. அதன் பலம் வேகத்தில் அல்ல, புறப்பாட்டில். ஒரு மைலுக்கு ஒரு நிலையம் வந்தால், உச்ச வேகத்தை எட்டுவதற்குள் பிரேக் போட வேண்டியிருக்கும். எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. நீராவியாலும் அது முடியும் என்று காட்ட, 1902-இல் அந்த ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் ஹோல்டன் தலைமையில் ‘டெக்கபாட்’ எஞ்சின் உருவானது. பத்துச் சக்கரங்கள், மூன்று சிலிண்டர்கள். 300 டன்னுக்கு மேற்பட்ட ரயிலை 30 விநாடிகளில் மணிக்கு 30 மைல் வேகத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் அதன் எடையைத் தாங்கப் பாலங்களுக்கு வலுவில்லை. ஒரே ஒரு எஞ்சினோடு முயற்சி நின்றது.

பாலத்தையும் வருத்தாமல், கூட்டத்தையும் இழுக்க வேண்டும். அதற்கான விடையை 1915-இல் அதே ரயில்வேயின் பொறியாளர் ஏ. ஜே. ஹில் அதன் ஸ்ட்ராட்ஃபோர்டு பணிமனையில் கொடுத்தார். பிற்காலத்தில் என்7 என்று பெயர் பெற்ற வகை அது. எடை சுமார் 62 டன். இயக்கும் சக்கரங்கள் ஆறு, பின்னால் தாங்குசக்கரங்கள் இரண்டு. இயக்கும் சக்கரத்தின் விட்டம் 4 அடி 10 அங்குலம்தான். சக்கரம் சிறிதானால் புறப்படும்போது இழுவை கூடும். தண்ணீர்த் தொட்டிகள் கொதிகலனின் இருபுறமும் இருப்பதால், அந்த எடையே சக்கரங்களைத் தண்டவாளத்தில் அழுத்தி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் செலவாகச் செலவாக அந்தப் பிடிமானம் குறைவது இந்த வடிவத்தின் குறை. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி தனியே இல்லாததால், முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும். திருப்பி நிறுத்தச் சுழல்மேடை தேவையில்லை.

இந்தக் கடைசி வசதியின் அருமை லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் தெரிந்தது. 1920 ஜூலையில் ரயில்வே அதிகாரி எஃப். வி. ரஸ்ஸல் வகுத்த புதிய கால அட்டவணை அங்கே நடைமுறைக்கு வந்தது. உள்ளே வந்த ரயிலின் எஞ்சின் மேடையின் முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். அருகே காத்திருந்த இன்னொரு எஞ்சின் உடனே மறுமுனையில் வந்து கோத்துக்கொள்ளும். நான்கே நிமிடத்தில் ரயில் மீண்டும் கிளம்பிவிடும். விடுபட்ட பழைய எஞ்சின் வெளியே வந்து அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். இப்படி மணிக்கு 24 ரயில்கள். வகுப்பை அடையாளம் காட்டப் பெட்டிகளின் மேற்புறத்தில் முதல் வகுப்புக்கு மஞ்சள், இரண்டாம் வகுப்புக்கு நீலம் என்று பட்டை அடித்தார்கள். அந்த வண்ணங்களைப் பார்த்தே மக்கள் ‘ஜாஸ்’ சேவை என்றார்கள்.

தொடக்கத்தில் இந்தப் பாரத்தைச் சுமந்தவை ஹோல்டன் காலத்துச் சின்ன எஞ்சின்கள்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு என்7-கள் ஒவ்வொன்றாக வந்து அந்தச் சுமையை ஏற்றன. காற்றழுத்தத்தில் இயங்கும் வெஸ்டிங்ஹவுஸ் பிரேக் இவற்றுக்குப் பெரிய துணை. வெற்றிட பிரேக்கைவிட அது விரைவாகப் பிடிக்கும், விரைவாக விடும். நிலையத்துக்கு நிலையம் மிச்சமாகும் விநாடிகள்தான் கால அட்டவணையைக் காப்பாற்றின. மொத்தம் 134 எஞ்சின்கள் கட்டப்பட்டன. சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு பாதைகளுக்கு மின்சாரம் வந்தது 1960-இல்தான். அதுவரை அலுவலகம், ஆலை போகும் கூட்டத்தை இழுத்தது நிலக்கரியும் தண்ணீரும்தான். இந்த உழைப்புக்கு, நெடுந்தூர விரைவு எஞ்சின்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்காவது கிடைத்திருக்க வேண்டும்.

1962-இல் கடைசி என்7-உம் பணியிலிருந்து விலகியது. இன்று எஞ்சியிருப்பது 69621 என்ற ஒன்றே ஒன்று. ஸ்ட்ராட்ஃபோர்டு பணிமனை 1924-இல் கட்டி முடித்த கடைசி எஞ்சினும் அதுதான். எசெக்ஸ் மாவட்டத்தின் சாப்பல் அண்ட் வேக்ஸ் கோனில் உள்ள கிழக்கு ஆங்கிலிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. லண்டன் போகிறவர்கள் மார்க்ஸ் டேயில் வண்டி மாறி, ரயிலிலேயே அந்த அருங்காட்சியகத்தின் வாசலில் இறங்கலாம்.