படகிலும் ஒரு மூத்தம்மா வீடு

கொச்சிக்கடைக்கு வடக்கே களனி கங்கை கடலில் கலக்கிறது. அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கம் போகும் ஹமில்டன் கால்வாய் 1804இல் வெட்டி முடிக்கப்பட்டது. சரக்கும் ஆளும் ஏறிய அந்தப் படகுகளை ரயிலும் லொறியும் ஓரங்கட்டிவிட்டன.

படகையே வீடாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் காஷ்மீரில் இன்றும் உள்ளன. ஸ்ரீநகரின் ஜீலம் ஆற்றிலும் தால் ஏரியிலும் வாழும் அவர்களை ஹாஞ்சிகள் என்பார்கள். தேவதாரு மரத்தாலான பெரிய படகு வீட்டைப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, ‘டூங்கா’ என்ற எளிய படகில் குடும்பம் ஒண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். மூத்தாப்பா, மூத்தம்மா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் வீடு. நடுக்குழலில் கரி எரியும் சமாவாரில் உப்புத் தேநீர் கொதிக்கும். விருந்தென்றால் ஒரே ‘திராமி’த் தட்டைச் சுற்றி நால்வர் அமர்வர், நம் சஹன் சாப்பாடு போல.

2014 செப்டம்பரில் ஜீலம் பெருகி ஊரை மூழ்கடித்தபோது, மாடிகளில் சிக்கியவர்களை மீட்க ஓடி வந்தவையும் தால் ஏரியின் சிக்காராச் சிறுபடகுகள்தாம்.

சகோதரிகளே! இடம் போதாது என்று பெருநாளுக்குக்கூடப் பிள்ளைகளை அழைக்கத் தயங்குகிறோமே, நம் கொட்டாஞ்சேனை வீடு படகை விடச் சிறியதா? பாயை விரியுங்கள், போதும். இரத்த உறவைப் பேணுவது வசதி வந்த பின் செய்யும் காரியமல்ல, கடமை.

வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முழங்கால் வலியோடு மூத்தம்மா அடுப்படியில் நிற்க, நாம் முன்னறையில் கதைத்துக்கொண்டிருந்தால் அது உறவைப் பேணுவதாகாது. மகனும் மருமகளும் ஆளுக்கொரு வேலையை எடுங்கள். பேரப்பிள்ளைகள் சஹனைக் கழுவட்டும்.