சிலைக்கும் படத்துக்கும் பூசும் வண்ணத்தில் என்ன இருக்கிறது?



குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. விநாயகர் சதுர்த்திக்கு சிலைகளுக்கு வண்ணம் பூசித் தரும் ஆர்டர் எடுக்கலாமா, இல்லை தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டு படம் செய்து விற்கலாமா என்று. இரண்டுமே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைதான். லாபம் எவ்வளவு நிற்கும், வங்கியில் கடன் கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த வண்ண டப்பாவுக்குள்ளே என்ன இருக்கு என்ற கேள்வி அதற்கும் முன்னால் வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் என்று ஒரு குன்று. அங்குள்ள குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். அந்த வண்ணங்கள் என்ன பொருள் என்று ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. கறுப்புக்குக் கரி. மஞ்சளும் சிவப்பும் காவி மண். பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். நீலத்துக்கு மட்டும் நீலக்கல். காவி என்றால் வேறெதுவும் இல்லை, மார்கழியில் கோலத்தைச் சுற்றிப் பட்டை கட்டுகிறோமே, அதேதான். மண்ணில் இருக்கும் இரும்புத் துருவின் நிறம் அது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அழியாத ஓவியத்தில் பெரும்பகுதி நம் வாசலிலும் அடுப்படியிலும் இருக்கிற பொருள்தான்.

அது எப்படி உதிராமல் ஒட்டியது என்றால், சுண்ணாம்பின் வேலை அது. தஞ்சைப் பெரிய கோயிலில் சுவர்ப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டியிருக்கிறார்கள் என்று 1930களில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன் கண்டுபிடித்துச் சொன்னார். ஈரச் சுண்ணாம்பு காயும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

நீலத்தின் கதை தனி. இயற்கையான நீலக்கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வர வேண்டும். ஐரோப்பாவில் தங்கத்துக்கு நிகரான விலை சொல்வார்கள். 1820களின் கடைசியில் பிரான்சில் ஒருவர் களிமண், சோடா, கந்தகம் இவற்றைச் சூளையில் வைத்து அதே நீலத்தைச் செய்துவிட்டார். விலை அடியோடு இறங்கியது. கடைசியில் அது எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? வெள்ளைத் துணிக்குப் போட அம்மாக்கள் வாங்கி வைத்திருந்த நீலப்பொடிப் பொட்டலத்துக்குள்! (இப்போது கடையில் கிடைக்கும் சொட்டு நீலம் அது இல்லை, வேறு சாயம்.)

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே நல்லது, இந்தக் காலத்துப் பொருள் எல்லாமே விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். அது சரியில்லை. பழைய ஓவியர்கள் பளிச்சென்ற மஞ்சளுக்கு அரிதாரம் என்ற கனிமத்தை அரைத்தார்கள். அதில் இருப்பது ஆர்சனிக். நாடகக்காரர்கள் முகத்தில் பூசியதும் அதுதான், இன்றைக்கும் வேஷம் போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்றுதானே சொல்கிறோம். சிவப்புக்கு சாதிலிங்கம், அதில் பாதரசம். ஈயத்தைச் சுட்டு ஒரு சிவப்பு, ஈயத்தைக் காடியில் ஊறவைத்து ஒரு வெள்ளை.

இதில் ஈயம்தான் இன்றுவரை நம்மை விடாமல் தொடர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் வந்தது. மலிவு, வெயிலுக்கும் சீக்கிரம் வெளுக்காது. அதனால் எனாமல் பெயின்டில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில் அதைக் கலந்தார்கள். ஈயம் உடம்புக்குள் போனால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் உடம்பு உறிஞ்சுவதைவிடக் குழந்தைகள் உடம்பு நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். கர்ப்பிணித் தாயின் எலும்பில் தங்கியிருக்கும் ஈயம் வயிற்றுக் குழந்தைக்கும் போகும். வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

இந்தியாவில் வீட்டு பெயின்டுக்கு 2016-இல் விதி போட்டார்கள். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது, அதை டப்பாவிலும் அச்சிட வேண்டும் என்பது 2017 நவம்பரிலிருந்து நடைமுறை. ஆனால் தொழிற்சாலை உபயோக பெயின்டுக்கு இந்த விதி இல்லை. ஆர்டர் கொடுப்பவர் பெரிய டிரம்மிலிருந்து லேபிள் இல்லாத கேனில் ஊற்றிக் கொடுத்தால் அது எந்த வகை என்று யாருக்குத் தெரியும்? அதைத்தான் நாம் சமையலறை ஓரத்தில் வைத்து, பக்கத்தில் குழந்தை தவழ, பூசிக்கொண்டிருப்போம்.

அடுத்து சிலை. சுடாத களிமண் சிலை தண்ணீரில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்த மாவு. தண்ணீர் பட்டதும் இறுகி மறுபடி ஜிப்சமாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும், அதனால்தான் கை கால் உடைந்த சிலைகள் கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. எடை குறைவு, அச்சில் வேகமாக வார்க்கலாம் என்பதால் பரவிவிட்டது. 2020 மே மாதம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள் இதற்குத் தடை சொல்கின்றன. 2023 செப்டம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையும் இந்தச் சிலைகளை விற்க அனுமதிக்கவில்லை, உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. குழுக் கடனில் சரக்கு எடுத்து, விற்க முடியாமல் போனால் தவணையை யார் கட்டுவது?

தஞ்சாவூர் ஓவியம் வேறு மாதிரி. முன்பு பலாப் பலகை, இப்போது பிளைவுட். அதன்மேல் துணி, சுக்கான் மாவு, கோந்து, கண்ணாடிக் கற்கள், தங்க ரேக்கு. இதில் பெரிய செலவு ரேக்குதான். போலி ரேக்கு வைத்தால் நாளாக ஆகக் கறுக்கும், வாங்கியவர் திரும்ப வந்து சண்டை போடுவார். எது வைத்தோமோ அதைச் சொல்லி விலை வையுங்கள். மாவு தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் எடுக்கும் குழுக்கள் லேபிள் உள்ள, சீல் உடைக்காத டப்பாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரில் கலக்கும் வண்ணமாக இருந்தால் நல்லது. களிமண் சிலைக்குக் காவி, மஞ்சள், சுண்ணாம்பு போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள், தூசிதான் ஆபத்து. வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும் உறுப்பினருக்குப் பூச்சு வேலை வேண்டாம், கணக்கு, பேக்கிங் என்று பிரித்துக் கொடுங்கள். ஏற்கெனவே இந்த வேலை செய்துவருபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கு என்று புரியலைன்னா, அடுத்த கூட்டத்துக்கு டப்பாவையே எடுத்துட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.